மழை விட்ட மறுநாள்

போடிநாயக்கனூர்
20-11-1983

அன்பு மகன் உக்கிரபாண்டிக்கு அப்பா எழுதுவது. நீயும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் பம்பாயில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே எந்நேரமும் எங்கள் நினைப்பு. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சுகம். எனக்குக் கண் மங்கிவிட்டது என்று உன் தங்கை வேலுத்தாய் வீட்டிலிருந்து யாராவது எழுதியிருந்தால் நம்ப வேண்டாம். கண் நன்றாகத்தான் தெரிகிறது. அப்படி ஒரு பொய்யை நான் ஏன் சொன்னேன் என்பதைத்தான் இந்தக் கடிதத்தில் எழுதப்போகிறேன், அதைச் சரியாக எழுத வருமோ என்று சந்தேகமாக இருக்கிறது, முன்பே இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். படித்தபின் நான் நினைப்பது தவறு என்று உனக்குப் பட்டால் நீயும் கிழித்துப் போட்டுவிடு.

மலையில் ஒரு தொழிலாளி விபத்தில் இறந்துவிட்டார் என்று உங்கள் ஆபீசுக்குத் தந்தி வந்திருக்கும், அதில் அவ்வளவுதான் இருந்திருக்கும். போடிமெட்டுக்குக் கீழே ஏலத்தோட்டச் சரிவில் உங்கள் நிறுவனம் மின்சார டவர் நிறுத்துகிறதே, அதன் காலுக்குத் தோண்டிய குழி சரிந்து, சுருளி என்பவர் மண்ணுக்குள் போய்விட்டார். அந்த வேலைக்கு மேனேஜர் நம் வேலுத்தாயின் மாப்பிள்ளை வெள்ளைத்துரை. சம்பவம் நடந்து நாலாம் நாள் அவர் வீட்டுக்கு வந்து, அறிக்கையோடு வைக்க ஒரு படம் வேண்டும் என்றார். "ஆபீசுல இருக்கிற பையனுக்குக் கோடு சுத்தமா வராது மாமா, உங்க கைதான் கை" என்றார். மண் சரியாதபடி குழியின் சுவர்கள் சாய்வாக வெட்டியிருந்ததுபோல் வரையச் சொன்னார். பொதுப்பணித் துறையில் டிராஃப்ட்ஸ்மேனாகவே காலம் கழித்தவன் நான், அளவு கேட்காமல் கோடு போட்டுப் பழக்கமில்லை, அதனால் சாய்வு எத்தனைக்கு எத்தனை என்று கேட்டேன். "ஏதாச்சும் ஒண்ணு போடுங்க மாமா" என்றார். சாய்வாக வெட்டவே இல்லை என்று அந்தச் சொல்லிலேயே எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் மருமகனை எதிர்த்துக் கேட்க நாக்கு எழவில்லை. இடத்தைப் பார்த்துவிட்டு வரைகிறேன் என்று மட்டும் சொன்னேன், அவரும் மறுக்க முடியாமல் மறுநாள் ஜீப்பில் கூட்டிப் போனார்.

மலையடிவாரத்து முந்தலைத் தாண்டி மேலே ஏறினோம். டவருக்கு நாலு கால், நாலு குழி. ஒன்று மூடிக்கிடந்தது. மற்ற மூன்றும் அப்படியே நின்றன, கிணறு வெட்டியதுபோல் நேர்ச்சுவர், மண்ணைத் தாங்க எங்கும் ஒரு பலகை முட்டுக் கிடையாது. சுற்றிலும் நிழல் மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள், அறுபட்ட வேர்கள் சுவரிலிருந்து விரல் விரலாக நீட்டிக்கொண்டிருந்தன. பக்கத்துக் குழியில் அளவு நாடாவை விட்டுப் பார்த்தேன், ஒன்பது அடி. மாப்பிள்ளை ஜீப் பக்கமே நின்றுவிட்டார். அதன்பின் நான் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு நடந்து போய் சுருளியின் மனைவி சந்திரவல்லியைப் பார்த்தேன். அந்தப் பெண்தான் முதலில் பேசினாள், அழவில்லை. "மழையில ஊறின மண்ணு, வேணாமேன்னு அவருக்கும் மனசுக்குள்ள இருந்துச்சுங்கய்யா. மேனேஜர் சாருதான் மஞ்சத் தொப்பியக் கொண்டாந்து, இதப் போட்டுக்க, ஒண்ணும் ஆவாதுன்னாரு. அந்தத் தைரியத்துல எறங்கிட்டாரு. எடுக்கும்போதும் தொப்பி தலையிலதான் இருந்துச்சு" என்றாள். தொப்பி என்று அவள் சொன்னது ஹெல்மெட்டை.

பாண்டி, அந்த ஹெல்மெட் எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும். ஜூன் மாதம் நீ எழுதிய கடிதத்தை நான் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். நாடு முழுவதும் இருக்கும் பிராஜெக்ட் மேனேஜர்கள் நாற்பது பேரையும் ஒரே இடத்தில் கூட்டி, ஒருவர் பட்டதை மற்றவர் தெரிந்துகொள்ளும்படி செய்கிற பொறுப்பை உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள் என்றும், முதல் கூட்டத்திலேயே மராட்டியப் பக்கத்து மேனேஜர் ஒருவர் எழுந்து, தன் குழியில் ஒரு ஆள் ஹெல்மெட் போடாததால் இறந்தார் என்று சொன்னார் என்றும், அதைக் கேட்டு நாற்பது இடத்திலும் ஹெல்மெட் வாங்கிவிட்டார்கள், கூட்டம் வீண்போகவில்லை என்றும் எழுதியிருந்தாய். அதை அம்மாவுக்கும் வேலுத்தாய்க்கும் நான் உரக்கப் படித்துக் காட்டினேன். எனக்கு அன்று எவ்வளவு பெருமை என்று சொல்லத் தெரியவில்லை.

மலையிலிருந்து இறங்கினோம். மாப்பிள்ளை முந்தலில் டீக்கடையில் ஜீப்பை நிறுத்தினார். கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு தானாகவே சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அந்த மராட்டிக்காரரு கூட்டத்துல சொன்னது வேற மாமா. வெளிய டீ குடிக்கையில எங்கிட்டச் சொன்னாரு. குழியே மொத்தமா வந்து விழுந்துச்சாம். மழை பேயுற வரைக்கும் தாங்குச்சாம், மழை விட்டு வெயிலடிச்ச அன்னைக்குத்தான் சுவரு பொளந்து வந்துச்சாம். இத உள்ள சொல்லலாமேன்னேன். பெரிய ஆபீசரெல்லாம் முன்வரிசையில உக்காந்திருக்காக, சொன்னா நாளைக்கு என் நாற்காலியில வேற ஆளு உக்காந்திருப்பான், ஹெல்மெட்டுன்னா யாருக்கும் நோகாதுன்னு சிரிச்சாரு. நானும் சிரிச்சேன் மாமா. இங்க ஒரு வாரம் மழை, வேலை பின்தங்கிப் போச்சு, வெயிலப் பாத்ததும் வெரசா எறங்குங்கடான்னு சொன்னேன். அந்த நேரத்துல அவரு சொன்னது ஞாபகத்துக்கே வரல."

இப்போது அவர் எழுதி வைத்திருக்கும் அறிக்கையில், சுருளி உணவு இடைவேளையில் யாரும் சொல்லாமல் தானே குழிக்குள் இறங்கினார் என்றும், ஹெல்மெட்டின் வாரைக் கட்டாமல் இருந்தார் என்றும் இருக்கிறது. அதற்குத்தான் அந்தச் சாய்வுப் படம். டிசம்பரில் நடக்கும் உங்கள் அடுத்த கூட்டத்தில் அதை நீதான் வாசிக்க வேண்டி வருமாம். நான் கண் தெரியவில்லை, கோடு நடுங்குகிறது என்று சொல்லி வரைபலகையை மூடிவிட்டேன். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லத் துணிவு வரவில்லை. வேலுத்தாய் புரிந்துகொண்டுவிட்டாள். அடுப்படியிலிருந்து வந்து, "படம் வரைய வேணாம்ப்பா, அண்ணனுக்கு ஒரு கடுதாசி போடுங்க, அது போதும். அறிக்கைய அப்படியே வாசிச்சிட்டு விட்டுறட்டும், தோண்டித் துருவ வேணாம். அண்ணன் சொல்லித்தான இவுகளுக்கு இந்த வேலை கெடச்சுச்சு, அதே அண்ணன் கையால போகணுமா" என்றாள். எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். அவள் சொல்லச் சொன்னது இவ்வளவு, ஒன்றும் விடாமல் எழுதிவிட்டேன். அம்மா நடுவில் உட்கார்ந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஆபீசுல அத்தன வருசம் வாயத் தொறக்காத மனுசன், மருமகன் சோலியிலயா வந்து தொறக்கப் போறீங்க" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். கேலியா வருத்தமா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இனி எழுதுவது என் யோசனை. உங்கள் நிறுவனத்தின் பெருமையும் அளவும் எனக்குத் தெரியாது, நான் யாரையும் நடத்திப் பழகியவனும் இல்லை. ஆனாலும் இரண்டு நாளாக ஒன்றையே திரும்பத் திரும்ப நினைக்கிறேன். அந்த அறிக்கையை நீ வாசித்தால், நாற்பது பேரும் ஹெல்மெட் வாரைக் கட்ட வேண்டும் என்று எழுதிக்கொண்டு போவார்கள். நாற்பது இடத்திலும் வாரை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆட்கள் குழிக்குள் இறங்குவார்கள். போன முறை நடந்ததும் இதுதான். நீ நல்ல மனதோடு செய்தாய், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை, ஆனால் அந்தப் பெண் சொன்ன தைரியம் உன் கூட்டத்திலிருந்து புறப்பட்டு வந்த தைரியம். இதை ஒரு தகப்பன் மகனுக்கு எழுதலாமா என்று தெரியவில்லை, எழுதிவிட்டேன். மற்றவர்கள் பட்டதைப் பேசும் முன், ஹெல்மெட்டோடு ஒரு ஆள் இறந்துவிட்டார், நாம் போன முறை கற்றுக்கொண்டது தவறு என்று நீயே எழுந்து முதலில் சொன்னால் என்ன. முன்வரிசையில் பெரிய ஆபீசர்கள் உட்கார்ந்திருக்கும் வரை யாரும் பேசமாட்டார்கள், அவர்களை மாலையில் வரச் சொல்ல உனக்கு அதிகாரம் உண்டா. மேடைப் பேச்சைக் குறைத்து, டீ குடிக்கும் நேரத்தை நீட்டிவிடு. யார் தவறு என்று கேட்காதே, விபத்துக்கு முந்தின நாள் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டுப்பார். மராட்டியக்காரரையும் நம் மாப்பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவை. இருவரும் கெட்டவர்கள் அல்ல, பயந்தவர்கள், பயத்தைப் பற்றி மட்டும் எனக்குக் கொஞ்சம் தெரியும். இதனால் உனக்கு வரப்போகும் தலைவலியையும் நினைக்காமல் இல்லை. கூட்டமே வேண்டாம் என்று மேலிடம் நிறுத்திவிடலாம், மாப்பிள்ளைக்கு வேலை போகலாம், வேலுத்தாய் இந்த வீட்டுப் படி ஏறாமல் இருக்கலாம். அதையெல்லாம் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இத்துடன் ஒரு படம் மடித்து வைத்திருக்கிறேன். குழி எப்படி இருந்ததோ அப்படி, நேர்ச்சுவரோடு, பக்கத்துக் குழியில் அளந்த ஒன்பது அடி ஆழம் போட்டு. பெயரும் ஊரும் போடவில்லை, வடக்குத் திசை காட்டும் அம்பு மட்டும் இருக்கிறது, அது பழக்கம். தலைப்பாக மழை விட்ட மறுநாள் என்று எழுதியிருக்கிறேன், நாற்பது பேருக்கும் இதைக் காட்ட முடியுமா என்று பார். இந்தக் கடிதத்தை மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் தபாலில் சேர்ப்பேன். அவருக்குத் தெரியாமல் அனுப்பினால் நானும் வெளியே டீ குடிக்கையில் மட்டும் சொன்ன ஆளாகிவிடுவேன். எப்படிப் படித்துக் காட்டப் போகிறேன் என்பதுதான் தெரியவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, மருமகளிடம் கோபத்தைக் காட்டாதே. சுருளிமலைத் தெய்வம் உன்னையும் பிள்ளைகளையும் காக்கட்டும், நீண்ட ஆயுளும் நிம்மதியான தூக்கமும் உங்களுக்குக் கிடைக்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, டிசம்பர் வரை காத்திருக்க வேண்டாம், மழை விட்ட உடனே குழிக்குள் ஆளை இறக்காதீர்கள், பலகை முட்டுக் கொடுங்கள் என்று எல்லா இடத்துக்கும் இன்றே தந்தி கொடுத்துவிடு.

உன் நலத்தையே நினைத்திருக்கும் அப்பா,
பேச்சிமுத்து

இதை முடித்த மறுநாள் எழுதுவது. மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டினேன். பாதிக்குமேல் மீதியை அவரே வாங்கிப் படித்தார். வேலுத்தாய் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள், இதுவரை என்னிடம் பேசவில்லை. மாப்பிள்ளை படத்தை விரித்துப் பார்த்தார். பிறகு, "ஒம்பது இல்ல மாமா, பதினொண்ணு. மத்த மூணுந்தான் ஒம்பது. இதுல அடியில பாறை வராம, கடைசி ரெண்டடிய அன்னைக்குக் காலையில நாந்தான் தோண்டச் சொன்னேன்" என்று சொல்லி, என் பென்சிலை எடுத்து, நான் போட்டிருந்த ஒன்பதை அடித்துவிட்டுப் பக்கத்தில் பதினொன்று என்று எழுதினார். எழுதிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். வழியில் பென்சில் அழிந்துவிடக்கூடும் என்று அவர் எழுத்தின்மேல் நான் மை போட்டுவிட்டேன்.