வெள்ளிக்கிழமையும் கழுவாத தொட்டி

ஓசூர்
17-3-58

நெய்வேலியில் இருக்கும் என் கணவர் அவர்களுக்கு முனிலட்சுமி வணங்கி எழுதுவது.

மலைமேல் சந்திரசூடேசுவரர் புண்ணியத்தில் நானும் அத்தையும் சுகமாக இருக்கிறோம். அங்கே இந்நேரம் வெயில் கொளுத்த ஆரம்பித்திருக்கும். சுரங்கத்தில் வேலை முடிந்ததும் மோர் குடிக்கிறீர்களா? மெஸ்காரரிடம் கேட்டு வாங்கிக் குடியுங்கள், கூச்சப்படாதீர்கள்.

உங்கள் கார்டு வந்தது. அம்மா சொல்கிறபடி செய்துவிடு, யுகாதிக்கு வெள்ளையடிக்கும் முன் மீன்களை ஏரியில் விட்டுவிடு என்று எழுதியிருந்தீர்கள். நான் விடவில்லை. கோபப்படாமல் கடைசிவரை படியுங்கள்.

தீபாவளிக்கு வந்தபோது அந்த மீன் ஜோடியைக் கடலூர் சிநேகிதரிடம் வாங்கி, மண்பானையில் விட்டு, பஸ் முழுக்க மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தீர்கள். இரும்பு ஆங்கிளும் கண்ணாடியும் வைத்து நீங்களே தொட்டி பொருத்தினீர்கள். இரண்டு பெண்கள் பேசாமல் உட்கார்ந்திருக்கும் வீட்டில் ஏதாவது ஒன்று அசைந்துகொண்டிருக்கட்டும் என்றீர்கள். அத்தைக்குத்தான் பொறுக்கவில்லை. ஏழு வருஷமாகத் தொட்டில் கட்டாத வீட்டில் மீனைச் சிறை வைத்தால் இன்னும் தோஷம் சேரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். "கொழந்தைக்காகக் கோயில் கோயிலாப் போறோம், இவன் இன்னாத்துக்கு மீனைக் கொண்டாந்து வெச்சிட்டுப் போறான்?" என்பார். தொட்டி இருக்கும் பக்கம் முகத்தைக்கூடத் திருப்ப மாட்டார்.

தண்ணீரில் கொஞ்சம் கல்லுப்புப் போடச் சொல்லிவிட்டுப் போனீர்கள். அந்த உப்புச் செலவைத் தர்மக் கணக்கில்தான் எழுதி வருகிறேன். சிக்லிட் என்று இங்கிலீஷில் பேர், குடும்பம் நடத்தும் மீன் சாதி என்றும் சொன்னீர்கள். குடும்பம் நடத்துவது எனக்குத் தெரியாதா என்று நினைத்துக்கொண்டேன். அங்கேதான் பிசகினேன்.

வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு தேய்க்கும்போதே மீன்களைப் பானைக்கு மாற்றி, தொட்டியையும் காலிசெய்து, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்துவிடுவேன். பிறகு கிணற்றிலிருந்து புதுத் தண்ணீர், மேலே ஒரு சிட்டிகை மஞ்சள். பூஜைப் பாத்திரம்போலப் பளபளக்கும். மீன்கள் மட்டும் இரண்டு நாளைக்கு மூலையில் வெளிறிப்போய்க் கிடக்கும். போதாததற்கு, அவை வாயால் மணலை அள்ளி அள்ளித் துப்பிப் பள்ளம் பறிக்கும். வாசல் பெருக்கினவுடன் நான் வந்து அகப்பைக் காம்பால் நிரவுவேன். மத்தியானத்துக்குள் மறுபடி பறித்துவிடும். யார் பிடிவாதம் ஜெயிக்கிறது பார்ப்போம் என்று எனக்கும் ரோஷம் வந்துவிட்டது.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, உள்ளே இருந்த கருங்கல்லில் கசகசா ஒட்டினதுபோல என்னவோ இருந்தது. அழுக்கு என்று தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிவிட்டேன். கல்லைத் திருப்பி வைத்ததும் இரண்டு மீனும் வந்தன. ஒன்றுமில்லாத அந்தக் கல்லுக்கு எதிரில் நின்று, செவுளோரத்துச் சிறகால் விசிறிக்கொண்டே இருந்தன. சாயங்காலம்வரை மாறி மாறி விசிறின. எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அதன்பிறகு நான் நினைத்ததைச் செய்வதை விட்டுவிட்டு அவை செய்வதைப் பார்க்க ஆரம்பித்தேன். முழுத் தண்ணீரையும் கொட்டுவதில்லை. பப்பாளி இலைத் தண்டைக் குழாயாக வைத்து, அடியில் தங்கும் கசடோடு நாலைந்து செம்பு மட்டும் இறக்குவேன். கிணற்றுத் தண்ணீரை ஒருநாள் மண்பானையில் ஆறவிட்டு, அதே அளவு மெதுவாக ஊற்றுவேன். புளி இல்லை, மஞ்சள் இல்லை. பள்ளத்தை நிரவுவதும் இல்லை. வெள்ளிக்கிழமையும் கழுவாத பாத்திரம் இந்த வீட்டில் அது ஒன்றுதான். சாமியிடம் சொல்லிவிட்டேன்.

மாசியில் மறுபடி முட்டை வைத்தன. பொரிந்ததும் புழுமாதிரி நெளிகிற குஞ்சுகளை வாயில் கவ்விக் கொண்டுபோய்ப் பள்ளத்தில் விட்டன. தினம் தினம் நான் நிரவித் தள்ளியது தொட்டிலை!

நேற்று வெள்ளையடிக்க மாரிசாமி சுண்ணாம்பு வாளியோடு வந்துவிட்டான். நான் அடுப்படியில் இருந்தேன். இனி இவளை நம்பிப் பிரயோசனமில்லை என்று அத்தையே பானையை எடுத்துக்கொண்டு தொட்டிக்குள் கையை விட்டார். விட்டதும் ஒரு கூச்சல். "அடி முனிலச்சுமி, இந்தப் பய என்னையே முட்டறான்டி!" ஆண் மீன் விரலைக் குத்தியிருக்கிறது. எதற்கு இத்தனை கோபம் என்று குனிந்து பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பள்ளத்துக்கு மேலே தூசிக் கூட்டம்போலக் குஞ்சுகள் நீந்திக்கொண்டிருந்தன. தாய் மீனின் விலாவில் வாய் வைத்து எதையோ கொத்திக் கொத்தித் தின்றன. "பால் குடிக்குதுங்கடி" என்றார் மெல்ல. கொஞ்சநேரத்தில் அந்தக் கூட்டம் தகப்பனிடம் போய் அதன் மேலும் கொத்த ஆரம்பித்தது. "அப்பன்கிட்டயும் குடிக்குதுங்க பாரு, கலிகாலம்!" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். நான் இந்த வீட்டுக்கு வந்த நாளாக அத்தை அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை.

தொட்டியை எடுக்கட்டுமா என்று மாரிசாமி கேட்டான். "புள்ள பெத்த எடத்துல சுண்ணாம்பு அடிப்பாங்களாடா? அந்தச் செவுத்த வுட்டுடு. ஒரு பொட்டு உள்ள தெறிச்சாலும் கூலியில புடிச்சுக்குவேன்" என்றார். அதனால் யுகாதிக்கு வீடு முழுக்க வெள்ளை, அந்த ஒரு சுவர் மட்டும் பழைய மஞ்சள்.

சாயங்காலம் எதிர்வீட்டு மங்கம்மா வந்தார். வழக்கம்போல, "உம் மருமவளுக்கு ஏதாச்சும் விசேஷமா?" என்று கேட்டார். பொங்கலுக்கு லீவு கிடைக்கவில்லை என்று எழுதினீர்களே, இந்தக் கேள்விக்குப் பயந்துதான் நீங்கள் வரவில்லை என்று எனக்குத் தெரியும். நானும் வழக்கம்போலப் புழக்கடைக்கு எழுந்தேன். அதற்குள் அத்தை, "விசேஷமா? வூடு நெறைய கொழந்தைங்க! கால அலம்பிக்கினு வந்து பாரு. ரொம்பக் கிட்ட போவாத, அப்பன்காரன் கோவக்காரன்" என்றார். நான் எழுந்த இடத்திலேயே உட்கார்ந்து ஆட்டுக்கல்லைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மங்கம்மா வெகுநேரம் பார்த்துவிட்டுப் போனார்.

இன்று திங்கட்கிழமை, வீட்டில் கவுச்சி ஆகாத நாள். அதைக்கூடப் பாராமல் அத்தை முட்டை வேகவைத்து, மஞ்சள் கருவைத் துணியில் கட்டித் தண்ணீரில் பிழிகிறார். அதிகம் போட்டால் தண்ணீர் கெட்டுவிடும் என்று நான்தான் கையைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. "நீ இன்னா பெரிய மாமியாக்காரியா?" என்று என்னைக் கேட்கிறார்.

குஞ்சுகள் பெருத்தால் இந்த இடம் போதாது, ஒன்றையொன்று துரத்தும் போலிருக்கிறது. இன்னொரு தொட்டி வேண்டும். கண்ணாடி பெங்களூரிலிருந்து வரவழைக்கலாம். பொருத்துவதற்கு இங்கே ஆள் இல்லை.

யுகாதி வெள்ளிக்கிழமை. ஒப்பட்டுப் போளிக்குப் பருப்பு ஊறப்போடும்போது உங்களையும் சேர்த்துத்தான் அளப்பேன். மங்கம்மா இனி கேட்க மாட்டார். கேட்டாலும் பதில் சொல்ல வீட்டில் ஆள் இருக்கிறது.

அத்தை உங்களுக்கு ஆசீர்வாதம் சொல்லிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வரி கட்டாயம் எழுதச் சொல்கிறார். ஆண் மீன் பெண் மீனைவிட்டு ஒரு நாழிகூட விலகுவதில்லையாம். எழுதிவிட்டேன்.

உங்கள்
முனிலட்சுமி