படங்களுக்கு நீ எழுதிய வரிகள்

உன் மடிக்கணினியைத் திறந்தவுடன் அது பேசத் தொடங்கிவிட்டது. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரை நீ நிறுத்தாமலே மூடி வைத்திருக்கிறாய். நீ வைத்திருந்த வேகம் எனக்குப் பிடிபடவில்லை. தகரக் கூரையில் மழை கொட்டுவது போல ஒரே சடசடப்பு. நாலைந்து முறை வேகத்தைக் குறைத்த பிறகுதான் அது தமிழ் என்றே தெரிந்தது. பார்வையில்லாதவர்கள் கேட்கிற வேகத்தில் கேட்க நீயும் பழகியிருக்கிறாய். என்னிடம் சொன்னதே இல்லை.

உன் வீட்டுக்காரர் அறந்தாங்கியிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போன பை அது. நீ போய் இன்னும் நாற்பது நாள்கூட ஆகவில்லை. எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல. 'இதையும் கத்துக்கிட்டாளா' என்ற எரிச்சல். மறைக்காமல் எழுதுகிறேன். இனி உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

உன்னை இந்த வேலைக்கு இழுத்து வந்தவள் நான். கல்லூரி முடித்ததிலிருந்து புதுக்கோட்டை வீட்டின் மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு தொண்டு நிறுவனங்களுக்கு ஆண்டறிக்கை வடிவமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். முதலில் அச்சில், பிறகு எல்லாமே இணையத்தில். பார்த்தவர்கள் 'பளிச்சுனு இருக்கு' என்பார்கள். எனக்கு அது போதும். என்னோடு படித்து, கல்யாணமாகி அறந்தாங்கி போன நீ, ஏதாவது டைப்பிங் வேலை இருந்தால் சொல் என்று கேட்டபோது, "வாடி, இங்கிட்டு மலையாக் கெடக்கு" என்றேன். டைப்பிங்கோடு நீ நின்றிருந்தால், நானும் உன் மேல் பிரியமாகவே இருந்திருப்பேன்.

குன்றாண்டார்கோவில் பக்கம் மாற்றுத்திறனாளிகளுக்காக இயங்கும் அந்த அமைப்பின் கூட்டம்தான் எல்லாவற்றையும் மாற்றியது. நான் செய்த இணைய அறிக்கையைப் பெரிய திரையில் ஓட்டிக் காட்டினேன். எல்லோரும் கை தட்டினார்கள். நிர்வாகக் குழுவில் இருந்த கோவிந்தராசு சார் மட்டும் தட்டவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர், பிறவியிலேயே பார்வை இல்லாதவர். தன் போனில் அதே அறிக்கையைத் திறந்து வைத்துக்கொண்டு காதோடு ஒட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சத்தத்தைக் கூட்டி எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தார். "படம். படம். படம். பெயரில்லாத பொத்தான். படம்."

"அம்மா, இது எங்களப் பத்துன அறிக்கைதானே?" என்று கேட்டார். "எல்லாருக்கும் என்னமோ சொல்லுது. எனக்கு மட்டும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்குதே?"

நான் மென்பொருளைக் குறை சொன்னேன். நேரமில்லை என்றேன். நீ உன் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாய். "எந்த எடத்துல தட்டுது சார், காட்டுங்க" என்று நீ கேட்டது எனக்குக் கேட்டது. சாப்பாட்டு நேரம் தாண்டியும் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

அடுத்த ஒரு மாதத்தில் என் அறிக்கையை நீ பிரித்து மறுபடி கட்டினாய். பெரிய எழுத்தாக மட்டும் இருந்த தலைப்புகளை, ஸ்கிரீன் ரீடரும் தலைப்பு என்று சொல்லும்படி மாற்றினாய். அட்டவணையில் எந்த எண் எந்த ஆண்டுக்கு உரியது என்று காதால் கேட்பவருக்கும் புரிய வைத்தாய். சிவப்பும் பச்சையுமாக நான் போட்டிருந்த வரைபடத்தின் கீழே, அது சொல்ல வந்ததை இரண்டே வாக்கியத்தில் எழுதினாய். அதையெல்லாம் நானும் படித்துக் கற்றுக்கொண்டிருப்பேன். என்னால் தாங்க முடியாமல் போனது, பார்க்க முடியாதவர் காதால் கேட்பதற்காகப் படங்களுக்கு நீ எழுதிய வரிகள்.

ஒரு படத்துக்கு நான் எழுதியிருந்தது: 'தையல் இயந்திரத்தில் பணிபுரியும் பெண் பயனாளி.' நீ அதை அழித்துவிட்டு எழுதினாய்: 'தையல் மிஷின் முன்னால் ஒரு பெண். மிதிகட்டை இல்லை, வலது கையால் சக்கரத்தைச் சுற்றுகிறார், இடது கையால் துணியைத் தள்ளுகிறார். படம் எடுப்பவரைக் கவனிக்கவில்லை. ஊசியையே பார்க்கிறார்.'

அந்தப் படத்தை எடுத்தவள் நான். அந்தப் பெண்ணுக்கு ஆறடி தள்ளி நின்று எடுத்தேன். மிதிகட்டை இல்லாததை நான் பார்க்கவில்லை. அன்றைக்கு அந்த ஊருக்கே வராத நீ பார்த்தாய். அன்று முழுக்க என் வீட்டில் யாரிடமும் நான் சரியாகப் பேசவில்லை.

அதன் பிறகு கோவிந்தராசு சார் போன் செய்தால் முதல் கேள்வி, "அவங்க இருக்காங்களா?" நான் "சொல்லுங்க சார், நான்தான்" என்றால், "பரவால்ல, அப்புறம் பேசுறேன்" என்பார். இப்படி எத்தனை முறை.

சென்னை அமைப்பு ஒன்றிலிருந்து கடிதம் வந்ததை நீ பிற்பாடு தெரிந்துகொண்டாய். படங்களை விவரித்தவரின் தொடர்பு எண் வேண்டும், அவரோடு நீண்ட காலம் வேலை செய்ய விரும்புகிறோம் என்று எனக்கு எழுதியிருந்தார்கள். அவர் வெளி வேலை எடுப்பதில்லை, நானே செய்து தருகிறேன் என்று பதில் போட்டேன். அந்த வேலையை நான் செய்தேன். நன்றி என்று எழுதினார்கள். மறுபடி கூப்பிடவில்லை.

யார் மூலம் உனக்குத் தெரிந்ததோ. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அறந்தாங்கி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது கேட்டாய். "அந்தச் சென்னைக்காரவுக என்னையத்தான கேட்டாக?"

"ஆமா."

"ஒனக்கு என் வேலை பிடிக்கலையா, என்னையப் பிடிக்கலையா?"

நான் பஸ் வருகிற பக்கம் திரும்பிக்கொண்டேன். பஸ் வந்தது. வழக்கமாக "வாரேன்டி" என்று சொல்லி ஏறுவாய். அன்று ஒன்றும் சொல்லாமல் ஏறினாய். எட்டு மாதம் பேசவில்லை. குன்றாண்டார்கோவில் அமைப்பு அந்த ஆண்டு அறிக்கையை நேரடியாக உன்னிடமே கொடுத்தது. அது வெளிவந்தால் எங்கே குறை இருக்கும் என்று தேடக் காத்திருந்தேன். அவ்வளவு கீழே போயிருந்தேன்.

நீ நோயில் விழுந்தது எனக்குத் தெரியாது. திருச்சி ஆஸ்பத்திரியிலிருந்து உன் வீட்டுக்காரர் கூப்பிட்டபோது, "பாக்கணும்னு சொல்லுச்சு, ஒடனே வாங்க" என்று மட்டும் சொன்னார். வந்தேன். ஜன்னல் வெயில் உன் கட்டில் வரைக்கும் வந்திருந்தது. கையெல்லாம் எலும்பாக இருந்தாய். மன்னிப்புக் கேட்க வார்த்தைகளைப் பஸ்ஸிலேயே அடுக்கிக்கொண்டு வந்திருந்தேன். நீ விடவில்லை.

"அறிக்கையில இருபத்தாறு படம் முடிச்சிட்டேன். இன்னும் ஒம்போது கெடக்கு. ஒன்னையத் தவிர வேற யார்ட்டயும் குடுக்கக் கூடாதுன்னு இவருகிட்ட சொல்லிட்டேன்."

"என்கிட்ட ஏன்டி? நான் ஒனக்குச் செஞ்சதுக்கு..."

"நான் எழுதுனத நீ மாதிரி யாரு படிச்சா? மத்தவுக நல்லாருக்குன்னுட்டுப் போயிருவாக. நீ வயிறெரிஞ்சு வரிக்கு வரி படிச்ச." சிரிக்கப் பார்த்தாய். இருமல்தான் வந்தது. "சென்னை விஷயத்த நான் மறக்கல. அது வேற. இது வேல."

அந்த வாரக் கடைசியில் நீ போய்விட்டாய். நான் சொல்ல வைத்திருந்தது சொல்லப்படாமலே இருக்கிறது.

இப்போது அந்த ஒன்பதையும் எழுதி முடித்துவிட்டேன். உன் இருபத்தாறையும் முதலில் காதால் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் வயிறெரிந்தது, பொய் சொல்லவில்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு என்னுடையவற்றைக் கேட்டேன். அழித்து எழுதினேன். ஒரு படத்துக்கு முழுதாக மூன்று நாள் ஆனது. அமைப்பினர் சித்தன்னவாசலுக்குச் சுற்றுலா போனபோது யாரோ எடுத்த படம் அது. அதற்குக் கடைசியில் இப்படி எழுதினேன்: 'மலையடிவாரத்தில் ஒரு சக்கர நாற்காலி காலியாக நிற்கிறது. அதற்கு உரியவரை இரண்டு பேர் கை கோத்து உட்காரவைத்துப் படியில் தூக்கிப் போகிறார்கள். மூவரும் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று படத்தில் தெரியவில்லை.'

கோவிந்தராசு சாருக்கு அனுப்பினேன். நேற்று மதியம் கூப்பிட்டார். "அவங்க எங்க நிறுத்துனாங்கன்னு தெரிஞ்சிருச்சும்மா. இருபத்தேழுலேருந்து வேற ஆளு."

"சரிதான் சார்" என்றேன்.

"தப்பொண்ணும் இல்ல, எல்லாம் புரியுது. ஆனா நடுவுல ஒண்ணு, அந்தச் சித்தன்னவாசல் படம், அத மட்டும் அவங்க முன்னாடியே எழுதி வச்சுட்டாங்களோ?"

"இல்ல சார். அது நான் எழுதுனது."

"அப்படியா?" என்றார். அந்த ஒரு வார்த்தையை இத்தனை வருடமாக அவர் வாயிலிருந்து எதிர்பார்த்திருக்கிறேன்.

போனை வைத்ததும் என் விரல் தானாக உன் எண்ணைத் தேடிப் போனது. ஒரே ஒரு முறை, ஒரே ஒரு வரிக்காக, உனக்கு என் மேல் பொறாமை வர வேண்டும் என்று ஆசைப்பட்டிருந்தேன். வரியை எழுதிவிட்டேன். உன் எண்ணை அழிக்கவில்லை.