எந்தப் பனி?

அண்ணை,

இன்று காலை லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் என் கடை வாசலில் சரக்கு வான் வண்டியின் கதவைத் திறந்ததும் அந்த மணம் வந்தது. விறைத்த கீரை இளகும்போது வருகிற, அவித்துக் கெட்டுப்போனது போன்ற மணம். பெட்டியோடு குப்பையில் போட்டேன். அழுகினதை நல்லதென்று விற்று எனக்குப் பழக்கமில்லை. பிறகு உங்களுக்கு இதை எழுத உட்கார்ந்தேன்.

எண்பதுகளின் கடைசியில், பிளேஸ்டோவில் ஒரே வீட்டில் நாங்கள் நெருக்கியடித்துக் கிடந்தோம். அண்ணி யாழ்ப்பாணத்தில் விசாவுக்குக் காத்திருந்தார். அவர் வந்ததும் சமைக்கவென்று, கவுன்சில் தந்த தோட்டத் துண்டில் குளிருக்கு முன்பே புரோட் பீன்ஸ் போட்டீர்கள். "எங்கடை அவரைக்கு ஒண்டுவிட்ட தம்பி" என்பீர்கள். செடி ஒரு சாண் வளர்ந்தபோது ஸ்னோ விழுந்தது.

"ஓடி வாடா, பனி பயிரைக் கருக்கப்போகுது!"

விளக்குமாற்றால் முழுவதையும் வழித்துத் தள்ளினீர்கள். பக்கத்துத் துண்டுக்கார வெள்ளைக்காரக் கிழவி, அது செடிக்குப் போர்வை, ஏன் உரிக்கிறீர்கள் என்று கத்தினாள்.

"மனுசிக்கு விசர். பனியாம், போர்வையாம்!"

எங்கள் சொல் செய்த வேலை அது. புல்லில் துளியாய் நிற்பதும் பனி, பஞ்சாய் விழுவதும் பனி, மேகமில்லாத இரவில் மண்ணை இறுக்குவதும் பனி. மூடிய மண்ணில் சூடு கொஞ்சம் தங்கும்; வெறும் மண்ணில்தான் குளிர் வேர்வரை இறங்கும். அது அப்போது யாருக்குத் தெரியும்? அடுத்து வந்த நாட்களில் வானம் வெளித்துக் குளிர் இறுகியது. பயிர் கறுத்துக் கூழாகிக் கிடந்தது. இதே மணம்.

வெயில் வந்ததும் நீங்கள் தனி அறை எடுத்தீர்கள். "இந்தச் சனத்துக்குள்ளை அவவை எங்கை இருத்துறது?" பிறகு விசா இல்லை என்று பதில் வந்தது.

"திரும்பி வாங்கோ அண்ணை, உங்கடை மெத்தை அப்பிடியே கிடக்கு" என்றேன்.

"வந்தா, அவ வரமாட்டா எண்டு நானே ஒப்புக்கொண்ட மாதிரியெல்லோ."

அடுத்த குளிரில் நெஞ்சில் சளி இறங்கி, கதவைத் தட்ட ஆளில்லாமல் அந்த அறையிலேயே போய்ச் சேர்ந்தீர்கள். அண்ணி இன்றுவரை வரவில்லை.

"அண்ணை, பனி கொட்டப்போகுதாம்" என்று கடையில் யாராவது என்னிடம் சொன்னால், "எந்தப் பனி?" என்று என் வாய் கேட்டுவிடுகிறது. பகிடி என்று சிரிக்கிறார்கள்.

இந்த வருடம் ஸ்னோ விழவேயில்லை, அண்ணை. மண் வெறுமையாய் விறைத்துக் கிடக்கிறது.