விரிசலைப் பிளந்த அன்று

அன்புள்ள அப்பாவுக்கு, கும்பிட்டுக்கொள்கிறேன். உங்கள் முட்டிவலி தேவலையா? அம்மா நேரத்துக்கு மாத்திரை போடுகிறாளா?

நான் நன்றாக இருக்கிறேன். போன வாரம் பட்டறையில் ஒரு சின்னக் கைகலப்பு, அவ்வளவுதான். வீடு போலவே கட்டிய வேன் ஒன்று வந்தது. அதன் ஃபைபர் சுவரில், ஜன்னல் மூலையில் விரிசல். மேலோடு பூசினால் மறுபடி விட்டுவிடும். கையில் பிடித்து அறுக்கும் சக்கரக் கிரைண்டரால் ஆழம்வரை பிளந்த பிறகுதான் இழைத்துணி வைத்துப் பிசின் ஊற்றுவோம். பிளப்பதை வண்டிக்காரன் பார்த்துவிட்டான்.

"அடைக்கச் சொன்னா பொளக்குறியாடா?" என்று இரும்புக் கம்பியால் தோளில் ஓங்கி அடித்தான். அடுத்த அடி காதோரம் விழுந்து ரத்தம் கொட்டியது. என் கையில் கிரைண்டர் சுற்றிக்கொண்டே இருந்தது. அதை அவன் முகத்துக்கு நேரே கொண்டுபோனேன். அவன் வண்டியோடு ஒட்டிக்கொண்டு, "வேணாம்ப்பா, வேணாம்ப்பா" என்று அழுதான். நான் கையை இறக்கவில்லை. பெயிண்டர் அண்ணன் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினார். அவன் பிழைத்தான், நானும் பிழைத்தேன்.

காதோரம் போட்ட தையலைப் பிரித்தாயிற்று. அம்மாவிடம் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லுங்கள். ஃபைபர் தூசி உடம்பெல்லாம் அரிக்கிறது. உங்கள் பழைய பருத்திச் சட்டை இரண்டு அனுப்புங்கள். துவைக்காமல் அனுப்பினாலும் பரவாயில்லை. திட்டியாவது நாலு வரி எழுதுங்கள் அப்பா. முதலாளி கூப்பிடுகிறார்.

உங்கள் மகன்