மடித்து விட்ட டேப் முனை

என்னங்க,

பழக்க தோஷம், இப்படித்தான் கூப்பிட வருது. நம்ம பழைய கார் சும்மா நிக்கும்போதே காட்டுக் கத்தல் கத்துமே, ஏன்னு இன்னைக்கு நானே கண்டுபிடிச்சேன்.

இன்ஜினை ஓடவிட்டு, பானட்டைத் திறந்து ஒவ்வொரு ரப்பர் குழாயா விரலால நசுக்கிப் பார்த்தேன். பேட்டரிக்குப் பின்னாடி இருந்ததை நசுக்கினதும் இன்ஜின் கத்தல் சட்டுனு அடங்கிடுச்சு. குழாய்ல விரிசல். அது வழியா காத்தை இழுத்துத்தான் அத்தனை ஆட்டம். விரிசல் மேல கறுப்பு டேப், சூட்டுல இளகிக் கிடந்துச்சு. பிரிக்க வசதியா டேப் முனை மடிச்சு விட்டிருந்துச்சு. வயரிங் வேலையில உங்க பழக்கம் அது.

அப்ப உங்களுக்குத் தெரியும்! தெரிஞ்சுக்கிட்டே, "உனக்கு இரும்புக்கால், ஆக்ஸிலரேட்டரை மிதிச்சே வண்டியைக் கெடுத்துட்டே"ன்னு எங்க அண்ணன் முன்னாடி சிரிச்சீங்க. நானும் நம்பி மூணு வருஷம் ஸ்டீயரிங்கைத் தொடலை. கிளினிக் வேலையையும் விட்டேன்.

புதுக் குழாய் போட்டாச்சு. இன்ஜின் ஓடுறதே கேக்கலை. திங்கட்கிழமை அதுலதான் வேலைக்குப் போறேன்.

கோபம் ஆறிடுச்சா, வீட்டுக்கு வரட்டுமான்னு கேட்டிருந்தீங்க. அந்த டேப்பை இதோட வெச்சிருக்கேன். மறுபடி ஏதாவது கேக்கத் தோணினா, எடுத்து வாயில ஒட்டிக்குங்க.

இப்படிக்கு,
இரும்புக்கால்