நான் இல்லாதபோது கலங்கும் தண்ணீர்

ஜூலை 1, 2025 – செவ்வாய்

மீன் தொட்டி மறுபடியும் கலங்கிவிட்டது. அரிசி களைந்த தண்ணீர் மாதிரி. ஞாயிற்றுக்கிழமைதான் பாதித் தண்ணீரை மாற்றினேன். பின்பக்கம் ஒட்டிய நீலத் தாள்கூடத் தெரியவில்லை. மோலி மீன்கள் மூன்றும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன.

ஐந்து மாதமாக ஒழுங்காக இருந்த தொட்டி. தீனியைக் குறைத்தாயிற்று. ஃபில்டர் மோட்டாரும் உர்ரென்று ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. வேறென்ன?

என் மனைவி ஹம்சாவிடம் கேட்டேன். “எனக்கென்ன தெரியும்” என்றாள். அவள் இப்போதெல்லாம் பேசுவதே அவ்வளவுதான். தைராய்டு ஆபரேஷன் ஆகி இரண்டு வருஷம். குரல் நரம்பில் ஏதோ பட்டுவிட்டது என்றார்கள். அதற்கு முன்னால் இந்தக் கூடத்தில் சாயங்காலம் முழுக்கப் பாட்டு கிளாஸ், மார்கழியில் சின்ன சபாக்களில் கச்சேரி. இப்போது ஸ்ருதிப்பெட்டி அலமாரியில். நான் தொட்டி வாங்கியதே வீட்டில் ஏதாவது அசைந்துகொண்டிருக்கட்டும் என்றுதான். அவளிடம் அதைச் சொன்னதில்லை.

ஜூலை 3 – வியாழன்

மந்தைவெளிக் கடையில் அப்துல் சமத் ஒரு நீல மருந்து கொடுத்தார். “இன்னா சார், டெய்லி தண்ணிய மாத்திக்கினு இருந்தா எப்டி? இத்த ஊத்திட்டு அப்டியே வுடுங்க.” போன வாரம் அவர்தான் தண்ணீரை மாற்றச் சொன்னார். அவருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது.

ஊற்றினேன். இப்போது நீலக் கலங்கல்.

ஜூலை 6 – ஞாயிறு

தெளிந்துவிட்டது! மருந்தா? இல்லை, தானாகவா? கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிகிறது.

ஜூலை 8 – செவ்வாய்

மறுபடி பால்.

மெட்ரோ வாட்டரா, லாரித் தண்ணீரா – வாட்ச்மேனைக் கேட்டால் இரண்டும் தரைக்கடியில் ஒரே சம்ப்புத் தொட்டியில்தான் விழுகிறது என்கிறான். லஸ் பக்கம் மெட்ரோ ரயிலுக்குத் தோண்டுகிற தூசியா? சாம்பிராணிப் புகையா? ஜன்னல் வெயிலா? ஜன்னலுக்கு அட்டை வைத்தேன். கூடமே இருட்டாகிவிட்டது. ஹம்சா அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், விளக்கைப் போட்டாள்.

ஜூலை 10 – வியாழன்

ஆரஞ்சு மோலி செத்துவிட்டது. ஆபீசிலிருந்து வரும்போதே பக்கவாட்டில் மிதந்தது.

ஹம்சாதான் அதை எடுத்துச் செம்பருத்திப் பூந்தொட்டியில் புதைத்தாள். அப்புறம் என்னிடம் வந்து, “அந்த மோட்டார் சித்த நேரம் நின்னா மீனுக்கு ஏதாவது ஆகுமா?” என்று கேட்டாள்.

“கரண்ட் போனா நிக்கத்தானே செய்யறது. ஒண்ணும் ஆகாது” என்றேன்.

ஏன் கேட்டாள்? அழுதிருந்தாள் என்று நினைக்கிறேன். ஒரு மோலிக்காகவா?

ஜூலை 13 – ஞாயிறு

மறுபடி தெளிவு.

இப்போது ஒன்று புரிகிறது, அல்லது இன்னும் குழம்புகிறது. திங்கள் முதல் வியாழன்வரை தரமணி ஆபீஸ். வெள்ளி வீட்டிலிருந்தே வேலை. நான் வீட்டில் இருக்கும் நாளெல்லாம் தண்ணீர் தெளிகிறது, போனால் கலங்குகிறது. சிரிப்பதா, டாக்டரைப் பார்ப்பதா?

ஹம்சாவிடம் சொன்னேன். “மீனுக்கு உங்க மேல அவ்வளவு பிரியம்” என்றாள். ரொம்ப நாள் கழித்து ஒரு கிண்டல். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னாள்.

ஜூலை 17 – வியாழன்

எப்படி எழுதுவது.

ஆபீசில் ஏ.சி. நின்றுபோய் மத்தியானத்துக்கு முன்னாலேயே அனுப்பிவிட்டார்கள். மாடிப்படி ஏறும்போது பாட்டுச் சத்தம். யார் வீட்டு டி.வி. என்று நினைத்தேன். எங்கள் வாசலுக்கு வந்த பிறகுதான் – கரகரப்பு, நடுவில் உடைகிறது, திரும்ப அதே வரி, திரும்பவும் அதே வரி. ஹம்சா.

சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எத்தனை நேரமோ. கீழ்வீட்டுத் தங்கபுஷ்பம் அம்மா, உஸ்மான் ரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பம், துணி உலர்த்த மேலே வந்தார்.

“என்ன சார், சாவியத் தொலைச்சிட்டியளா?”

இல்லை என்று தலையாட்டினேன்.

“ஒரு மாசமாத் தெனமும் பாடுதாவல்லா. நான் இதக் கேட்டுக்கிட்டேதான் காய் நறுக்குவேன். ஏன், உங்களுக்குத் தெரியாதாக்கும்?”

தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சும்மா சிரித்தேன். கதவைத் திறந்தேன்.

பாட்டு நின்றது. அவள் ஸ்ருதிப்பெட்டியைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டே எழுந்தாள், தொட்டிக்கு ஓடினாள், சுவிட்சைப் போட்டாள். மோட்டார் இருமிவிட்டுப் பழுப்பாக எதையோ கக்கியது.

“கரண்ட் போயிடுத்து” என்றாள். அவள் தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

“ஓ, அப்படியா” என்றேன்.

தண்ணீர் ஏன் கலங்குகிறது என்று தெரிந்துவிட்டது. நாள் முழுக்க ஃபில்டர் ஓடாவிட்டால் அழுக்கைத் தின்னும் பாக்டீரியா செத்துப்போகும். ஆபீஸ் லிஃப்டில் ஒருவன் எப்போதோ சொன்னதை நான்தான் கண்டுகொள்ளவில்லை. சரி, அது தெரிந்தது. மற்றது? கீழ்வீட்டுக்குத் தெரியும். எனக்குத் தெரியக்கூடாதா? உன் கச்சேரிக்கெல்லாம் தம்புராவைத் தூக்கிக்கொண்டு போனவன் நான்டி. என்ன தப்பு பண்ணினேன்?

ஜூலை 18 – வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. தெருவெல்லாம் ஒலிபெருக்கி. வீட்டில் மோட்டார் சத்தம் மட்டும். அவள் பாடவில்லை. நான் கேட்கவும் இல்லை.

ஜூலை 20 – ஞாயிறு

காபி குடிக்கும்போது கேட்டுவிட்டேன். கோபமாகக் கேட்க நினைத்தது வேறு மாதிரி வந்தது. “அந்த மோட்டார் சத்தம் தொந்தரவா இருக்கா?”

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். அப்புறம், “அது கிட்டத்தட்ட அஞ்சு கட்டையில நிக்கறது. என்னோட பழைய ஸ்ருதி. நான் இப்போ நாலுக்கு எறங்கியிருக்கேன். அது ஓடிண்டிருந்தா குரல் தானா மேல போறது. போய் உடையறது. அதான் நிறுத்திடுவேன். நீங்க வர நேரத்துக்குப் போடுவேன்” என்றாள்.

“மீன் செத்தப்பறமுமா நிறுத்தினே...”

“நீங்கதானே ஒண்ணும் ஆகாதுன்னேள்.”

சொன்னேன்தான்.

“எங்கிட்ட ஏன் சொல்லலை?”

“சொன்னா பாடுன்னு சொல்லுவேள். பாடினா நன்னா இருக்குன்னு சொல்லுவேள். டிஸ்சார்ஜ் ஆன அன்னிக்கு நான் பேசினதே தவளை மாதிரி இருந்தது. அதுக்கே நன்னா இருக்குன்னேள். அப்புறம் நான் யாரை நம்பறது?”

அவளுக்குத் தைரியம் சொல்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அது எப்படித் தப்பு என்று முழுசாகப் புரியவில்லை.

ஜூலை 22 – செவ்வாய்

தொட்டியைத் தூக்கிப் படுக்கையறைக்கு மாற்றினோம், இரண்டு பேருமாக. பாதி வழியில் என் சட்டையெல்லாம் தண்ணீர். கதவைச் சாத்தினால் கூடத்தில் சத்தம் கேட்கவில்லை. அவள் காதை வைத்துப் பார்த்துச் சொன்னாள்.

ஜூலை 27 – ஞாயிறு

தண்ணீர் இன்னும் லேசாகப் புகை மாதிரிதான். அப்துல் சமத்திடம் காரணம் சொன்னேன். “பாட்டு பாட்றதுக்காக ஃபில்டர நிறுத்துனாங்களா? இத்தினி வருசத்துல இப்டி ஒரு கேஸ் வந்ததே இல்ல சார்” என்று ஒரு கறுப்பு மோலியைச் சும்மா கொடுத்தார்.

ஆகஸ்ட் 3 – ஞாயிறு

காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஹம்சா பாயை விரித்து உட்கார்ந்தாள். எழுந்து போகட்டுமா என்று கேட்கலாமென நினைத்தேன், கேட்கவில்லை. பேப்பரையும் மடிக்கவில்லை.

பாடினாள். மேலே போகும் இடத்தில் குரல் பிளந்தது. நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“உடைஞ்சுடுத்து” என்றேன்.

“எங்க?”

எனக்கு ஸ்வரம் சொல்லத் தெரியாது. “மேல போனப்பறம், கடைசியில.”

“ம்” என்றாள். திரும்பப் பாடினாள்.

“இப்பவும்.”

மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகப் போனாள். முடித்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினாள்.

“உடைஞ்சுதா, இல்லையா, தெரியலை” என்றேன்.

“எனக்கும்தான்” என்று சிரித்துவிட்டு, பெட்டியை நிறுத்தாமல் அடுத்த வரிக்குப் போனாள்.