தோளோடு வந்த துண்டு

திண்டுக்கல்
23.8.2006

அன்பு மகள் ஜெஸ்ஸிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், அவர் நெற்றி ஒன்றைத் தவிர. துபாய் வெயிலில் நீ எப்படி இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

அந்த நெற்றிக் கதையை உன்னிடம் கொட்டாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். அப்பா படித்த பள்ளிக்கூடத்தின் பழைய கட்டடத்துக்கு வெள்ளையடித்து, போன ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் மட்டும் ஊர்ச்சனம் பார்க்கத் திறந்துவிட்டார்கள். பூசை முடிந்ததும் வீட்டுக்கு வந்து சோற்றுக்கு ஒரு வெஞ்சனம் வைக்கக்கூட விடாமல் என்னை இழுத்துக்கொண்டு போனார். கண்ணாடியைப் போடுங்கள் என்றால், நான் படிச்ச இடத்தைப் பாக்க எனக்கெதுக்குடி கண்ணாடி என்கிறார். அங்கே பெரிய ஹால் ஒரு காலத்தில் கோயிலாக இருந்ததாம், வாசலில் தீர்த்தத்தொட்டி இன்னும் இருக்கிறது. வெள்ளையடித்த புண்ணியவான் மிச்சச் சுண்ணாம்புத் தண்ணியை அதில் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறான். இவர் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே கையை விட்டுச் சிலுவை போட்டார். பின்னால் வந்த இஞ்ஞாசியம்மாள் அக்கா போட்டாள், அவளுக்குப் பின்னால் பூசைக்கு வந்த கூட்டமே வரிசையாகப் போட்டது. நான் கத்தியது ஒருத்தர் காதிலும் விழவில்லை. செத்த நேரத்தில் காய்ந்து, அம்புட்டுப் பேர் நெற்றியும் திருநீறு பூசினாற்போல் வெளேரென்று ஆகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து எதிரே வந்தது யார் தெரியுமா, உன் சோலைமலையின் அப்பா முத்துச்சாமி, நெற்றி நிறைய நிஜத் திருநீறோடு. அவரும் அங்கே படித்தவராம். அவர் மகனைத்தான் கட்டுவேன் என்று நீ எழுதியதிலிருந்து இந்த மனுசன் உன் போனை எடுப்பதில்லை, முத்துச்சாமியின் பூட்டுக்கடை இருக்கும் தெருப்பக்கமே போவதில்லை. இன்றைக்கு நடு ஹாலில் மானம் போகப்போகிறது என்று மாதாவை வேண்டிக்கொண்டு நின்றேன். முத்துச்சாமியோ சிரிக்கக்கூட இல்லை. அண்ணே, அது சுண்ணாம்பு, கண்ணுல இறங்கிரும், வாங்க என்று குழாயடிக்குக் கூட்டிப்போய், தன் துண்டை நனைத்து நனைத்து நெற்றியைத் துடைத்துவிட்டார். உங்கப்பா சின்னப்பிள்ளை மாதிரி முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்! எரியுதுன்னா இன்னும் நனைச்சு வைங்க என்று அந்தத் துண்டை இவர் தோளிலேயே போட்டுவிட்டுப் போய்விட்டார் அவர்.

வீட்டுக்கு வந்ததும் உங்கப்பாவை உட்காரவைத்தேன். தேங்காயெண்ணெய் தடவும்போது, அந்தாளு துண்டைத் துவைச்சுக் குடுக்கணும் என்றார். நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றதற்கு, நீ எதுக்கு, ஜெஸ்ஸி வரட்டும், எல்லாருமாப் போவோம் என்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு எண்ணெய்க் கிண்ணத்தை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். இத்தனை மாதம் நான் அழுத அழுகையும் சொன்ன செபமாலையும் ஏறாத மண்டையில், ஒரு ஈரத்துண்டு ஏறியிருக்கிறது பார். சந்தோசத்தில் சமையல்கட்டில் உட்கார்ந்து அழுதேன், அது வேறு.

துண்டைத் துவைத்து மடித்து பீரோவில் வைத்திருக்கிறேன். கிறிஸ்துமஸ் வரை இழுக்காமல் லீவு கேள், மனுசன் மனசு மாறுமுன் வந்து சேர். மாதா உனக்குத் துணையிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மறக்காமல் போன் பண்ணு, அப்பாதான் எடுப்பார்.

உன் அம்மா
செபாஸ்தியம்மாள்